நட்சத்திரம் பார்க்கக் கணனி எதற்கு?

வன்னியில் நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் வானம் பார்ப்பதற்கு எந்த ஆயத்தமும் தேவைப்படவில்லை. 1990களில் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கை நூர்த்துவிட்டு முற்றத்தில் பாயைப் போட்டால், வானம் முழுக்க வெள்ளி கொட்டிக் கிடக்கும். அம்மம்மா கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டுவா. சப்தரிஷிகளைக் காட்டுவா. மிச்சத்தைக் கேட்டால் "அதெல்லாம் வெள்ளி, படடா" என்பா. அதே வானத்துக்கு நாங்கள் பயந்தும் இருந்தோம். இரைச்சல் கேட்டால் பதுங்குகுழி. பின்னைய வருடங்களில் இரவிரவாகத் தலைக்கு மேல் நின்ற 'வண்டு'. அசைகின்ற வெளிச்சம் ஒன்றைக் கண்டால் அது என்னவென்று உற்றுப் பார்த்தது அழகை இரசிப்பதற்காக அல்ல.

இப்போது நாங்கள் சுவிற்சர்லாந்தில், பேர்ண் மாநிலத்தில் இருக்கிறோம். நாங்கள் என்பது ஒரே உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மூன்று பேரும் எங்கள் குடும்பங்களும். ஒருவரும் சாதாரண தரத்துக்கு மேல் படித்தவர்களில்லை. எங்களிடம் ஒரு தொலைகாட்டி இருக்கிறது என்பதும், அதைக் கணனி வைத்துக்கொண்டு பார்க்கிறோம் என்பதும் கோயிலடியிலும் தமிழ்ப் பள்ளியிலும் கொஞ்சம் கதையாகிவிட்டது. "நட்சத்திரம் வானத்திலைதானே கிடக்கு, அதுக்கு ஏன் கொம்பியூட்டர்?" என்று கேட்பவர்கள் பலர். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

2021 இல் பக்கத்து ஊரில் ஒரு சுவிஸ் முதியவர் வீடு மாறும்போது தன் தொலைகாட்டியை 300 பிராங்குக்கு விற்றார். எட்டு அங்குலக் குழிவாடி, 1200 மில்லிமீற்றர் குவியத்தூரம். நீண்ட குழாய் ஒன்று ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும். கையால் தள்ளித் திருப்பவேண்டியதுதான், மோட்டரும் இல்லை, ஒன்றுமில்லை. இந்த வகைக்கு 'டொப்சோனியன்' என்று பெயர். ஜோன் டொப்சன் என்பவர் அமெரிக்காவில் 1944 முதல் 1967 வரை வேதாந்த மடத்துத் துறவியாக இருந்தவர். காசு இல்லாதபடியால் பழைய கப்பற் சன்னல் கண்ணாடிகளை அரைத்து ஆடி செய்து, தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். இரவில் மடத்தில் நிற்காமல் இப்படித் திரிந்ததால்தான் கடைசியில் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. எங்களைப் போன்ற கைகளுக்கென்றே செய்த சாமான் என்று இதை நாங்கள் சொல்லிக்கொள்வதுண்டு. வீட்டில் வேறு விதமாகச் சொன்னார்கள். அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்குக் குளிர்ச் சப்பாத்து வாங்கியிருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அதுவும் பிழையான கணக்கல்ல.

மென்பொருளுக்குக் காசு போகவில்லை. 'ஸ்ரெல்லாரியம்' என்பது 2000 ஆம் ஆண்டளவில் வபியான் செரோ என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. இலவசம். அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது, பல நாட்டவர் சேர்ந்து இன்றும் வளர்த்து வருகிறார்கள். கணனியில் போட்டதும் ஒரு புல்வெளியும் அதற்குமேல் வானமும் தெரியும். டொச்சில் உள்ளதைப் பிள்ளைகள் வாசித்துச் சொல்ல, நாங்கள் பழகிக்கொண்டோம்.

முதல் இரவே பிழைத்தது. ஆவணி மாதக் கடைசி. சனி தென்மேற்கில் சரிந்துகொண்டிருப்பதாகக் கணனி காட்டியது. நாங்கள் தென்மேற்குப் பக்கத்து மரங்களுக்கு மேலே குழாயை ஆட்டி ஆட்டி ஒரு மணித்தியாலம் தேடினோம். ஒன்றுமில்லை. மரப்பெட்டியைக் குறை சொன்னோம், விற்ற கிழவரையும் குறை சொன்னோம். கடைசியில் பத்து வயது மகள் கணனியின் மூலையைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது அப்பம்மா வீட்டு நேரம்" என்றாள். ஊருக்குக் கதைப்பதற்கு வசதியாக அந்தக் கணனியின் மணிக்கூட்டை நாங்கள்தான் கையால் மூன்றரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தோம். வானம் மணிக்குப் பதினைந்து பாகை சுழல்கிறது. மூன்றரை மணித்தியாலம் என்றால் ஐம்பது பாகைக்கு மேல் பிழை! நேரத்தைத் திருத்தியதும் சனி தெற்குக்கே இன்னும் வந்து சேரவில்லை என்று தெரிந்தது. குழாயைத் திருப்பினோம். வளையத்தோடு நின்றது.

வானம் பார்க்கும் மென்பொருள் எதுவானாலும் முதலில் கேட்பது இரண்டே கேள்வி: நீ எங்கே நிற்கிறாய், இப்போது என்ன நேரம்? எங்களுக்கு இந்தக் கேள்விகளை வெவ்வேறு கந்தோர்களில் வேறு விதமாகக் கேட்டுப் பழக்கம். இங்கே பத்திரம் ஒன்றும் காட்டத் தேவையில்லை. 'எவ் 6' விசையை அழுத்தி உலகப் படத்தில் ஊரைத் தொட்டால் போதும்.

அந்த வசதியால் ஒரு பனிக்கால இரவு முழுவதும் நாங்கள் குசினி மேசையில் இருந்து கிளிநொச்சிக்கும் பேர்ணுக்கும் மாறி மாறிப் போய் வந்தோம். துருவ நட்சத்திரம் எந்த ஊரில் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, கிட்டத்தட்ட அதுதான் அந்த ஊரின் அகலக்கோடு. கிளிநொச்சியில் அது ஒன்பது பாகைக்குச் சொச்சம், பனைமர வட்டுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். பேர்ணில் 47 பாகை, பாதி வானத்துக்கு ஏறி நிற்கிறது. ஊரில் மாசி மாதத்து இரவில் தெற்கே பளிச்சென்று தெரியும் அகத்தியரை இங்கே தேடிப் பயனில்லை. எந்த மாதத்திலும், எந்த மலையில் ஏறினாலும், சுவிசின் அடிவானத்துக்கு மேல் அது வருவதேயில்லை. தெற்குச் சிலுவையும் அப்படித்தான். கேட்டை நட்சத்திரம் மட்டும் கோடையில் பதினாறு பாகைக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இங்கு வந்த முதல் வருடங்களில் 'வானமும் வேறை மாதிரிக் கிடக்கு' என்று நாங்கள் சொன்னது மனக்குறையில் சொன்னது என்று நினைத்திருந்தோம். அது உண்மையாகவே வேறு வானம்தான்.

இனித் திட்டம் போடும் விஷயம். சிலர் நினைப்பதுபோல் இது பொழுதுபோக்குக்காரரின் ஆடம்பரமல்ல. எங்களுக்கு ஒரு கிழமை காலை வேலை, மறு கிழமை பின்னேர வேலை. காலை வேலையென்றால் ஐந்து மணிக்கு இயந்திரத்தடியில் நிற்கவேண்டும். ஆகவே வெள்ளி, சனி இரவுகள்தான் மிச்சம். அதில் பூரணையை அண்டிய நாட்களைக் கழியுங்கள், நிலா வெளிச்சத்தில் மங்கலானவை ஒன்றும் தெரியாது. மழை, முகிலைக் கழியுங்கள். கலியாணவீடு, பிறந்தநாள், அந்தியேட்டியைக் கழியுங்கள். வருடத்தில் எட்டோ பத்தோ இரவுதான் கைக்கு வரும். அவற்றில் ஒன்றை மரங்களுக்கு மேல் சனியைத் தேடிக் கழித்துவிட்டால் அது போனது போனதுதான்.

ஆகவே மாதத் தொடக்கத்தில் வேலைப் பட்டியலையும் ஸ்ரெல்லாரியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்போம். நிலா எத்தனை மணிக்கு எழும்புகிறது, மறைகிறது? வானம் எத்தனை மணிக்கு உண்மையாக இருட்டுகிறது? சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கினால்தான் முழு இருட்டு. ஊரில் பொழுதுபட்டு ஒன்றேகால் மணித்தியாலத்தில் அது ஆகிவிடும். இங்கே ஆனி மாதக் கடைசியில் நள்ளிரவு தாண்டித்தான் ஆகிறது. அதுவும் இரண்டு மணித்தியாலம் சொச்சம்தான், பிறகு கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். கோடையில் குடும்பத்தோடு போனால் பிள்ளைகள் காருக்குள் நித்திரையாகித்தான் முடியும் என்பதை இரண்டு தரம் அனுபவித்தபின் புரட்டாதி, ஐப்பசிக்கு மாறிக்கொண்டோம்.

பிறகு பட்டியல். மேற்கில் மறையப்போவதை முதலில் எழுதவேண்டும். ஐப்பசி இரவென்றால் முதலில் எம் 13 என்ற உருண்டைக் கொத்து, அது சரிந்துகொண்டிருக்கும். கிழக்கில் எழும்புகின்ற கார்த்திகைக் கூட்டம் பொறுத்திருக்கும், அவசரமில்லை. அந்திரோமீடா அண்டம் எங்கள் தலைக்கு நேர்மேலே, 84 பாகை வரை போகும். அங்கேதான் ஒரு சிக்கல். டொப்சோனியன் குழாய் நேர்மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது பெட்டியைச் சுழற்றினாலும் குழாய் நின்ற இடத்திலேயே திரும்பும், பக்கவாட்டில் நகராது. அந்த இடத்தில் மல்லுக்கட்டுவதைவிட அது 60, 65 பாகையில் நிற்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. அது எத்தனை மணிக்கு என்பதைக் கணனியில் நேரத்தை ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். 'எல்' விசையை நாலைந்து தரம் தட்டினால் முழு இரவும் ஒரு நிமிடத்துக்குள் ஓடிமுடியும். எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் விருப்பமான விளையாட்டு.

இன்னொரு உதவியும் உண்டு. எங்கள் ஆடியின் அளவையும் பார்வைத்துண்டின் அளவையும் கொடுத்துவிட்டால் கண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டும். 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டுக்கு 48 மடங்கு. வட்டத்துக்குள் அடங்குவது ஒரு பாகை, அதாவது இரண்டு முழுநிலாவின் அகலம். அந்திரோமீடாவோ மூன்று பாகை நீளம். வட்டத்தை வைத்துப் பார்த்தபோதுதான், நடு வீக்கம் மட்டும் மங்கலான புகைபோல் தெரியும், புத்தகத்துப் படம்போல் இருக்காது என்று முன்கூட்டியே விளங்கியது. இதைப் பிள்ளைகளுக்கு முதலே சொல்லிக் கூட்டிப்போனால் ஏமாற மாட்டார்கள். 25 இலட்சம் ஒளியாண்டு தூரத்துப் புகை என்றால் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். எங்கள் ஆடி பிம்பத்தைத் தலைகீழாகக் காட்டுவது. கணனிப் படத்தையும் அப்படியே புரட்டி வைக்கலாம். இது தெரியாமல் ஒரு பனிக்காலம் முழுக்க எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

எங்கே போவது? பேர்ணுக்குத் தெற்கே கன்ரிஷ் இயற்கைப் பூங்காவின் ஒரு பகுதி 2019 இல் இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. குர்நிகெல் கணவாய் 1608 மீற்றர் உயரம். கார்த்திகை, மார்கழியில் பள்ளத்தாக்கு முழுவதும் புகார் மூடி நாட்கணக்கில் சூரியனைக் காணாமல் இருப்போமே, அந்த நாட்களில் வானிலை அறிக்கையில் புகாரின் மேல்மட்டம் 900 மீற்றர் என்று கண்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். அதற்கு மேலே ஏறிவிட்டால் கீழே வெண்கடல், மேலே தெளிந்த வானம். நகர வெளிச்சத்தையும் புகார் மூடிப்போடும். அதைவிட இருட்டை நாங்கள் ஊரை விட்டு வந்தபின் காணவில்லை.

மலையில் நின்று கணனி பார்ப்பதில் சில கண்டிப்புகள் உண்டு. கண் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் வேண்டும், ஒரு வெள்ளை வெளிச்சம் அதை ஒரு விநாடியில் கெடுத்துவிடும். மென்பொருளில் 'இரவு நிறம்' என்று ஒன்றைத் தெரிந்தால் திரை முழுவதும் சிவப்பாகும். அப்போதும் வெளிச்சம் கூடத்தான். நாங்கள் சிவப்புத் தாளும் ஒட்டியிருக்கிறோம். குளிரில் கைத்தொலைபேசி பற்றரி 40 வீதத்தில் நின்றபடி செத்துப்போகும், அதை உட்சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருக்கவேண்டும். பட்டியலைக் கடதாசியிலும் எழுதிக்கொண்டு போங்கள். 'கார்த் டு சியேல்' என்று இன்னொரு இலவச மென்பொருள் இருக்கிறது, பற்றிக் செவாலே எழுதியது. அச்சடித்துக்கொண்டு போகும் நட்சத்திரப் படங்களுக்கு அதைத்தான் நாங்கள் பாவிக்கிறோம்.

எங்களில் ஒருவர் சீஎன்சி இயந்திரத்துக்குச் செற்றிங் போடுபவர். அவர் பின்னர் மோட்டர் பூட்டிய தாங்கி வாங்கிவிட்டார். அதில் கணனியைத் தொடுத்து, திரையில் நட்சத்திரத்தைத் தொட்டால் குழாய் தானே திரும்பும். 'அஸ்கொம்' என்ற இடைமென்பொருள்தான் இரண்டுக்கும் மொழிபெயர்ப்பாளர். அவர் சொல்லும் விளக்கம் எங்களுக்கு உடனே பிடிபட்டது: வேலைத்துண்டைப் பூட்டியதும் இயந்திரத்துக்குச் சூனியப் புள்ளியைக் காட்டாவிட்டால் அது காற்றை வெட்டும் அல்லது மேசையை வெட்டும். தாங்கியும் அப்படித்தான். முதலில் தெரிந்த ஒன்றிரண்டு நட்சத்திரங்களைக் காட்டிக் கொடுக்கவேண்டும். இல்லையேல் கமரா ஒரு படம் எடுக்கும், மென்பொருள் அந்தப் படத்திலுள்ள புள்ளிகளைத் தன் அட்டவணையோடு ஒப்பிட்டு, 'நீ நினைக்கும் இடத்தில் நீ இல்லை, இவ்வளவு தள்ளி நிற்கிறாய்' என்று கண்டுபிடித்துத் திருத்தும். கெட்டித்தனமான வேலைதான். ஆனால் ஆறு கேபிளும் ஒரு பெரிய பற்றரியும் வேண்டும், அவர் பூட்டி முடிக்கும்போது நாங்கள் நாலு பொருள் பார்த்துவிடுவோம். இது எங்களுக்குள் தீராத வழக்கு.

அருந்ததி கதையையும் சொல்லவேண்டும். எங்கள் மூன்று வீட்டுக் கலியாணமும் இங்கே மண்டபத்தில், பட்டப்பகலில் நடந்தவை. ஐயர் கூரையைக் காட்டி "அருந்ததியைப் பாருங்கோ" என்றார், நாங்களும் மின்விசிறியைப் பார்த்தோம். 2023 வைகாசியில் ஒரு சனி இரவு சப்தரிஷி மண்டலம் தலைக்கு மேல் நின்றது. வசிட்டருக்குப் பக்கத்தில் அருந்ததி வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. தொலைகாட்டியில் வைத்தால் வசிட்டரே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார், அருந்ததி தள்ளி நிற்கிறாள். "இஞ்சருங்கோ, பதினொரு வருசம் கழிச்சுத்தான் கலியாணம் முடியுது" என்று ஒருத்தி சொல்ல, மற்றப் பெண்களும் வந்து வந்து பார்த்தார்கள். சப்பாத்துக் காசுக் கதை அந்த இரவோடு நின்றது.

கணனி கையில் இருந்தும் நாங்கள் அவமானப்பட்ட இரவும் உண்டு. 2025 ஐப்பசியில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டிப்போனோம், இருபது பேருக்கு மேல். சனியின் வளையம் காட்டுகிறோம் என்று கிழமைக்கணக்காகச் சொல்லி வைத்திருந்தோம். பட்டியலில் சனி, நேரம், உயரம் எல்லாம் சரி. பார்த்தால் வளையத்தைக் காணவில்லை! உருண்டைக்குக் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று மட்டும். "ஈர்க்குக் குத்தின நெல்லிக்காய் மாதிரிக் கிடக்கு" என்றாள் ஒரு சிறுமி. வேறு வழியில்லாமல் அதே இடத்தில் மென்பொருளைத் திறந்து சனியைப் பெருப்பித்தோம். அதே நெல்லிக்காய், அதே ஈர்க்கு. அது முதலே தெரிந்துதான் வைத்திருந்தது, நாங்கள்தான் கேட்கவில்லை. பதினான்கு பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை வளையத்தின் விளிம்பு பூமிக்கு நேராக வரும். 2025 பங்குனியில் அது நடந்தது, ஐப்பசியிலும் சாய்வு மிகக் குறைவு. 2032 அளவில் திரும்ப அகல விரியும். நேரத்தைப் பின்னுக்கு ஓடவிட்டு, இதற்கு முதல் வளையம் மறைந்தது எப்போது என்று பார்த்தோம். 2009 புரட்டாதி. அந்த மாதம் நாங்கள் முகாமுக்குள் இருந்தோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குக் கோடு போட்ட சனியையே காட்டி முடித்தோம்.

அதற்கு முந்திய மாதம், 2025 புரட்டாதி 7, ஞாயிற்றுக்கிழமை, முழுச் சந்திர கிரகணம். இதற்குத்தான் நாங்கள் அதிகம் கணக்குப் பார்த்தோம். முழுமறைவு இங்கத்தைய நேரம் 19.30 இலிருந்து 20.52 வரை. இலங்கையில் அது இரவு 11 மணியிலிருந்து 12.22 வரை. கிளிநொச்சியில் சந்திரன் உச்சியை நெருங்கி நிற்கும். எங்களுக்கோ எட்டு மணியளவில் கறுத்தபடியேதான் எழும்பும். ஒரே கிரகணத்தை அம்மாவோடு ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்று தெரிந்ததும் வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை. அம்மாவை நாங்கள் நேரில் கண்டு பல வருடம்.

மென்பொருளின் அடிவானம் தட்டையானது, சுவிசின் அடிவானம் மலை. சந்திரன் இந்த அகலக்கோட்டில் மணிக்குப் பத்துப் பாகைதான் உயரும். வழமையாகப் போகும் இடத்தில் கிழக்கே மலை எட்டுப் பாகையை மறைக்கிறது. அங்கே நின்றால் 20.45 வரை சந்திரனைக் காணமுடியாது, ஏழு நிமிடம்தான் மிஞ்சும். ஆகவே இரண்டு கிழமைக்கு முதலே கைத்தொலைபேசியில் பாகை பார்த்துக்கொண்டு மேட்டுநிலம் மேட்டுநிலமாகத் திரிந்து, கிழக்கு மூன்று பாகைக்குத் திறந்த ஒரு புல்வெளியைப் பிடித்தோம். தோட்டக்காரரிடம் அனுமதியும் கேட்டு வைத்தோம்.

அன்று கிழக்கில் மெல்லிய முகில் படர்ந்திருந்தது. 20.20 ஆகியும் ஒன்றுமில்லை. வானம் இன்னும் முழுக்க இருளவில்லை, கறுத்த சந்திரன் அந்த வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்ற யோசனை எங்கள் கணக்கில் இருக்கவில்லை. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தா. "தம்பி, இஞ்சை செம்பு மாதிரிச் சிவத்துப்போய் நிக்குது, உங்களுக்குத் தெரியேல்லையே?" இல்லையம்மா, இல்லையம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தோம். குழாயைக் கணனி சொன்ன திசையில், கிழக்கிலிருந்து சற்றுத் தெற்காக வைத்து, சொன்ன உயரத்துக்கு ஏற்றி, ஒருவர் மாறி ஒருவர் கண்ணை வைத்தோம். 20.31 க்கு மகள்தான் முதலில் கண்டாள். வெறுங்கண்ணுக்கு இன்னும் ஒன்றும் இல்லை. பார்வைத்துண்டுக்குள் மட்டும், பழஞ்செம்பு நிறத்தில், விளிம்பு கூடத் தெரியாமல் ஒரு வட்டம். ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

"கண்டிட்டம் அம்மா!"

"கண்டிட்டியளோ? எங்கை நிக்குது?"

"வேலிக்கு மேலை. இப்பதான் எழும்புது."

"எங்களுக்குத் தலைக்கு மேலை. கழுத்து நோகுது ராசா." சிறிது நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. பிறகு, "விடிய வேலையெல்லே, போய்ப் படுங்கோ" என்றா.

20.52 க்கு இடது ஓரத்தில் வெள்ளைக் கீற்று ஒன்று வந்தது. ஊரிலும் அதே நேரத்தில் வந்தது, அம்மா சொன்னா. பெட்டியைக் காருக்குள் ஏற்றத் தொடங்கினோம். முழு வெளிச்சம் 21.56 க்குத்தான் வருகுது, அதுவரை நிற்கவேண்டும் என்று சின்னவன் மென்பொருளைத் திறந்து காட்டி அடம்பிடித்தான். காலை நாலேகாலுக்கு எழும்பவேண்டும். நின்றோம்.